பழைய பாணி சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம்: கீறல் போட்டால் போதுமா?

கேள்வி கேட்டவர் கடலூரில் கல்லூரியில் படிக்கிறவர். 1950களின் பறக்கும் தட்டுப் படங்கள் போலவே இந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட சில படங்களைப் பார்த்திருக்கிறார், அவை அந்தப் பழைய படங்களைக் கிண்டலடிக்கின்றனவா கொண்டாடுகின்றனவா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நண்பர்களோடு சேர்ந்து புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் அதே பாணியில் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறார்களாம். கலரில் எடுத்து, எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக்கி, மேலே கீறலும் புள்ளியும் தூவினால் பழைய படம் மாதிரி ஆகிவிடுமா என்பது இரண்டாவது கேள்வி. தனித்தனியாகக் கேட்டிருந்தாலும் எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. பழைய படத்தில் நமக்குப் பழசாகத் தெரிவதில் எடுத்தவர்கள் வேண்டுமென்றே செய்தது எவ்வளவு, பிறகு காலம் செய்து வைத்தது எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் எது கிண்டல், எது மரியாதை என்பதும் தெரிந்துவிடும், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நான் ஃபிலிம் ரோல் ஓடிய காலத்தில் சென்னையில் கேமரா உதவியாளராக இருந்தவன், இப்போது புதுச்சேரியில் மாணவர்களுக்கு ஒளிப்பதிவு சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே லைட், லென்ஸ், மினியேச்சர் (திரையில் பெரிதாகக் காட்டுவதற்காகச் செய்யும் சின்ன மாடல்) பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எந்தப் படம் ஒசத்தி என்று சொல்லும் இடங்களெல்லாம் என் ரசனை, அங்கே நீங்கள் தாராளமாக மாறுபடலாம். சவுண்ட் என் துறை இல்லை, அதைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன்.

முதலில் ஒரு கம்பிக் கதை. 1953இல் வந்த ‘தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ படத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்களின் போர் இயந்திரங்கள் கம்பியில் தொங்குவது பளிச்சென்று தெரியும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் 1953இல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அந்தக் கம்பிகள் அப்படித் தெரியவில்லை. அப்போதைய டெக்னிகலர் பிரிண்ட் சாயத்தைப் படத்தின் மேல் ஒற்றி எடுக்கும் முறையில் தயாரானது, அதில் விளிம்புகள் லேசாக மழுங்கும், மெல்லிய கம்பி அதற்குள் மறைந்துவிடும். மினியேச்சர் செய்தவர்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் கம்பியின் கனத்தை முடிவு செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிறகு வேறு வகை ஃபிலிமில் பிரிண்ட் போட்டபோதுதான் கம்பிகள் வெளியே வந்தன, 2018இல் படத்தைச் சீரமைத்தவர்கள் மறுபடி மறைத்தார்கள். அதாவது பல வருடங்களாக நாம் கேலி செய்துவந்த குறை, அந்தப் படத்தை எடுத்தவர்கள் திரையில் வைத்த குறையே இல்லை.

கீறலும் அப்படித்தான். சென்னையில் முதல் நாள் ஓடிய பிரிண்ட், அதாவது தியேட்டருக்கு வரும் ஃபிலிம் பிரதி, கண்ணாடி மாதிரி இருக்கும். அதே பிரிண்ட் பல ஊர் சுற்றி, பல புரொஜெக்டர் பல்லில் கடிபட்டு, அறுந்து ஒட்டப்பட்டு, நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும்போதுதான் மழை பெய்கிற மாதிரி கோடு விழும். அந்தக் கோடும் படம் முழுக்க ஒரே சீராக விழாது. ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் அதிகம், ஏனென்றால் கை படுவதும் தரையில் புரள்வதும் அந்த முனைகள்தான். நடுவில் ரொம்ப நேரம் சுத்தமாக ஓடும். பிரிண்டில் ஒட்டிய அழுக்கு திரையில் கறுப்பாகத் தெரியும், பிரிண்ட் போடப் பயன்படும் மூல நெகட்டிவில் ஒட்டிய அழுக்கு வெள்ளையாகத் தெரியும். எடிட்டிங் சாஃப்ட்வேரில் கிடைக்கும் ‘பழைய படம்’ எஃபெக்ட்டுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, எல்லாவற்றையும் கலந்து முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை ஒரே அளவில் தூவுகிறது. அதனால்தான் பார்த்த உடனே போலி என்று கண் சொல்லிவிடுகிறது.

இன்னொரு தவறான எண்ணம், பழசு என்றால் கறுப்பு வெள்ளை என்பது. ‘டெஸ்டினேஷன் மூன்’ 1950இல் வந்தது, கலர். மேலே சொன்ன செவ்வாய்ப் படம் கலர். 1955இன் ‘திஸ் ஐலண்ட் எர்த்’ கலர். 1956இன் ‘ஃபர்பிடன் பிளானட்’ கலர் மட்டுமில்லை, சினிமாஸ்கோப்பும்கூட. அதன் பின்னணி ஒலி முழுவதும் லூயி பாரன், பீபி பாரன் என்ற தம்பதி சர்க்யூட்களை வைத்து உருவாக்கிய மின்னணு ஒலி. கறுப்பு வெள்ளையில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பட்ஜெட் இல்லாமல் எடுத்தவர்கள். பணமில்லாத கம்பெனி நிறைய படம் எடுத்துத் தள்ளியது, அவை டிவியில் திரும்பத் திரும்ப ஓடின, நம் மனதில் அந்தத் தோற்றம் நின்றுவிட்டது.

சரி, இப்போது எடுக்கப்பட்ட படங்களுக்கு வருவோம். லாரி பிளாமைர் 2001இல் எடுத்த ‘தி லாஸ்ட் ஸ்கெலிட்டன் ஆஃப் கடாவ்ரா’ டிஜிட்டல் வீடியோவில் மிகக் குறைந்த செலவில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிய படம். வசனம் சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொல்லும், நடிப்பு விறைப்பாக இருக்கும், எல்லாம் வேண்டுமென்றே. கிண்டல்தான், ஆனால் அந்தப் படங்களை வரி வரியாகப் பார்த்து ரசித்தவர் செய்த கிண்டல் என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும். லாஸ் ஏஞ்சலீஸின் ப்ரான்சன் பள்ளத்தாக்கில் போய் எடுத்திருக்கிறார். கொரில்லா உடைக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டி வேற்றுக்கிரகவாசி ஆக்கிய ‘ரோபோ மான்ஸ்டர்’ 1953இல் எடுக்கப்பட்டது அங்கேதான், 1956இன் ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாச்சர்ஸ்’ படத்துக்கும் அங்கே இருக்கும் குகை பயன்பட்டிருக்கிறது. 2009இல் வந்த ‘ஏலியன் ட்ரெஸ்பாஸ்’ வேறு வழியில் போகிறது. 1957இல் எடுத்த படம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, கலரில், நடிகர்கள் ‘இது கிண்டல்’ என்று காட்டிக்கொள்ளாமல் நேராக நடிக்கிறார்கள். எனக்கு இந்த நேர்மை பிடித்தது, ஆனால் படம் பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

‘தி கால் ஆஃப் துலு’ என்று 2005இல் ஒரு 47 நிமிடப் படம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1926இல் எழுதிய கதையை, அதே 1920களில் யாராவது ஊமைப்படமாக எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, அவருடைய வாசகர் சங்கத்தினர் எடுத்தது. வசனம் எழுத்து அட்டைகளில் வருகிறது, பூதத்தைக் கையால் துளித்துளியாக நகர்த்திப் படமாக்கியிருக்கிறார்கள். அந்தச் சின்ன பட்ஜெட்டில் இந்தக் கதையை வேறு எந்தப் பாணியில் எடுத்திருந்தாலும் மட்டமாகத் தெரிந்திருக்கும். ஊமைப்பட பாணி என்று முடிவு செய்ததும் அட்டை செட் குறையாகத் தெரியவில்லை, அந்த உலகத்தின் பாகமாகிவிட்டது. உங்களைப் போலக் கையில் காசில்லாமல் தொடங்குகிறவர்கள் இதை இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். அதே குழு 2011இல் ‘தி விஸ்பரர் இன் டார்க்னஸ்’ படத்தை 1930களின் பேசும்பட பாணியில் எடுத்தது.

என் ரசனையில் இந்த வகையில் உச்சம் 2019இன் ‘தி வாஸ்ட் ஆஃப் நைட்’, ஆண்ட்ரூ பேட்டர்சன் இயக்கியது. கறுப்பு வெள்ளை கிடையாது, கீறல் கிடையாது, அகலத்திரை. பழைய டிவித் தொடரின் ஒரு பகுதி போல ஆரம்பித்து, 1950களின் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூருக்குள் ஒரே இரவில் நடக்கும் கதைக்குள் போகிறது. அதில் ஒரு காட்சியை மட்டும் கவனியுங்கள். ஃபே என்ற பதினாறு வயதுப் பெண் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். லைனில் விநோதமான சத்தம் ஒன்று வருகிறது. ஒரு பிளக்கை எடுத்து இன்னொரு துளையில் செருகுகிறாள், பேசுகிறாள், கேட்கிறாள், மறுபடி மாற்றிச் செருகுகிறாள், பல நிமிடங்களுக்கு ஒரு வெட்டும் இல்லை, கேமரா மெதுவாக அவளை நெருங்குகிறது, அவ்வளவுதான். பறக்கும் தட்டு கண்ணில் படவே இல்லை, நாம் பார்ப்பது அவள் முகமும் கையும் மட்டும்தான், ஆனால் வயிற்றைப் பிசைகிறது. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு காட்சியில் ரேடியோவில் ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது திரையையே முழு இருட்டாக்கிக் குரலை மட்டும் விடுகிறார்கள். அந்த டிவித் தோற்றத்தைத் தவிர, பழைய படங்களின் தோற்றத்தை இந்தப் படம் நகலெடுக்கவில்லை. காட்டப் பணமில்லாததால் கேட்க வைப்பது, ஒரு அறைக்குள் ஒரு ஆளை வைத்து உலகமே ஆபத்தில் இருப்பதாக நம்ப வைப்பது என்று அவர்களுடைய வேலைமுறையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது ‘ஏலியன் ட்ரெஸ்பாஸ்’ ஏன் தளர்ந்தது என்பதற்கு வருகிறேன், இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. 1950களின் படங்கள் நிஜமான பயத்திலிருந்து வந்தவை. 1945இல் ஹிரோஷிமா. 1947 ஜூனில் கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி வானத்தில் ஏதோ பார்த்ததாகச் சொல்ல, ‘பறக்கும் தட்டு’ என்ற பெயர் பத்திரிகைகளில் பரவியது. 1949இல் சோவியத் அணுகுண்டு. ஜப்பானில் இன்னும் நேரடி. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல் ‘லக்கி டிராகன்’ என்ற மீன்பிடிக் கப்பலின் மேல் விழுந்தது, அதே வருடம் நவம்பரில் ‘கோஜிரா’, அதாவது முதல் காட்ஸில்லா படம், வெளியானது. படம் ஆரம்பிப்பதே கடலில் ஒரு படகு தீப்பிடித்து மூழ்குவதில்தான். போனவர்களின் குடும்பத்தினர் கம்பெனி ஆபீஸில் திரண்டு நின்று என்ன ஆச்சு என்று கேட்கும் காட்சி வரும். கடலூர் முதுநகர் மீனவக் குடும்பங்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் உடைக்குள் மனிதர் இருப்பது தெரிந்தும் அந்தப் படம் இன்றைக்கும் கனமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பயத்தை விட்டுவிட்டு உடையையும் தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டால், எவ்வளவு அக்கறையாக எடுத்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் பொம்மையாகிவிடுகிறது. ஆக, ஒரு படம் எதற்கோ நிஜமாகப் பயப்படுகிறதா என்று பாருங்கள். பயப்படுகிறது என்றால் அதில் எவ்வளவு சிரிப்பு இருந்தாலும் பழைய படங்களுக்கு மரியாதை செய்கிறது என்பேன்.

அதனால் கதை எழுதும்போது அமெரிக்கச் சிற்றூரின் பயத்தை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். நமக்கே நிறைய இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ரசாயன ஆலைகள் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடியிருப்பவர்கள் ராத்திரியில் காற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார்கள். கடலிலிருந்தோ காற்றிலிருந்தோ ஒன்று வருகிறது என்று நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தமிழில் முன்னோடி உண்டா என்றால், உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து 1952இல் எடுத்த ‘காடு’, ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. அதில் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி, அழிந்துபோன மாமத் என்ற ரோம யானை ஆக்கியிருப்பார்கள். இந்தியாவின் முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று சிலர் இதைச் சொல்கிறார்கள். அந்த வகைக்குள் எதையெல்லாம் சேர்ப்பது என்பதில் ஒத்த கருத்து இல்லாததால் நான் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். 1963இன் ‘கலை அரசி’யில் சந்தேகத்துக்கே இடமில்லை. கலை தெரியாத வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பாட்டும் ஆட்டமும் தெரிந்த பானுமதியைத் தூக்கிக்கொண்டு போக, எம்ஜிஆர் மீட்கப் போகிறார். சமீபத்தில் 2023இன் ‘மார்க் ஆண்டனி’ ஃபோன் வழியாக 1975க்குப் பேசும் கதை, உடையும் செட்டும் அந்தக் காலம், ஆனால் கேமராவும் வெட்டும் முழுக்க இன்றைய வேகம். அது வேறு நோக்கத்தில் எடுத்த படம், உங்கள் தேவைக்கு ‘கலை அரசி’தான் பாடம்.

இனி வேலைக்கு வருவோம். அந்தக் கால ஃபிலிமுக்கு வேகம் குறைவு, நிறைய வெளிச்சம் கொட்ட வேண்டும். கொட்டிய வெளிச்சம் நேரடியாக, கடுமையாக விழும், நிழலின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கேமரா கனம், அதனால் டிரைபாடில் நிற்கும் அல்லது டிராலியில் நகரும், ஓடாது. நடிகர்கள் ஃப்ரேமுக்குள் இடம் மாறி நிற்பார்கள், ஒரே ஷாட்டில் முழுப் பேச்சும் முடியும். ஆகவே பின்னணியை மங்கலாக்கும் லென்ஸ், துணி கட்டிய மென்மையான லைட், கேமரா ஆடாமல் நகர்த்த உதவும் கிம்பல், ட்ரோன் இந்த நான்கையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கறுப்பு வெள்ளை, கீறல் எல்லாவற்றையும்விட இது பழைய தோற்றத்தைக் கொடுக்கும். வசனத்தை மோனோவில், அதாவது ஒரே சேனலில் வைத்து, கீச்சென்ற உயர் ஸ்தாயி ஒலிகளைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள், சவுண்டில் எனக்குத் தெரிந்த அளவுக்கு அது போதும்.

கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்றால் படமெடுக்கும்போதே கறுப்பு வெள்ளையாக யோசியுங்கள். ஆரோவில்லுக்குப் பக்கத்தில் பொம்மையார்பாளையம் செம்மண் ஓடைகள் தெரியும்தானே, மழை அரித்து அரித்துச் சின்னச் சின்ன மலை மாதிரி நிற்கும். அங்கே மேகமில்லாத நாளில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்துப் பாருங்கள். சிவப்பு மண் வெளுத்துப் பளீரென்று ஆகும், நீல வானம் கறுத்துப்போகும். பட்டப்பகலில் நிலாவின் தரையில் நிற்பது போல இருக்கும். ஃபில்டர் இல்லை என்றால் எடிட்டிங்கில் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளை செய்யலாம், கிட்டத்தட்ட அதே பலன் வரும், வானத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும். அடிவானத்தில் கடல் ஈரப்பதம் இருந்தால் வானம் அங்கே வெளுத்தே நிற்கும், அதனால் கேமராவைத் தாழ்த்தி மேல்வானத்தைப் பிடியுங்கள். திருவக்கரை கல்மரப் பூங்காவும் பக்கம்தான், கோடிக்கணக்கான வருடப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன; அனுமதி கிடைத்தால் செட்டே தேவையில்லை, ஆனால் ஒரு துண்டைக்கூடத் தொட்டு நகர்த்தக் கூடாது.

பறக்கும் தட்டுக்கு வருகிறேன், இதை எங்கள் மாணவர்களே செய்திருக்கிறார்கள். நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு எவர்சில்வர் தாம்பாளத்தை முகத்தோடு முகம் கவிழ்த்து எம்-சீல் வைத்து ஒட்டினார்கள், மேலே ஒரு கிண்ணம். எவர்சில்வரில் கேமராவே தெரியும் என்பதால் பளபளப்பில்லாத சாம்பல் ஸ்ப்ரே அடித்தார்கள். தூண்டில் நரம்பில் கட்டி மொட்டைமாடியில் ஓட்டிப் பார்த்தால் தாம்பாளம் ஆடுவது போலவேதான் இருந்தது. காரணம் வேகம். சின்னப் பொருள் சீக்கிரம் ஆடும், பெரிய பொருள் நிதானமாக ஆடும், அதனால் மினியேச்சரை நொடிக்கு அதிக ஃப்ரேமில் எடுத்து மெதுவாக்க வேண்டும். கணக்கு எளிது. அளவை எத்தனை மடங்கு குறைத்தீர்களோ, அதன் வர்க்கமூலத்தால், சினிமாவின் வழக்கமான நொடிக்கு 24 ஃப்ரேமைப் பெருக்க வேண்டும். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு என்றால் ஐந்து மடங்கு, 120 ஃப்ரேம், இப்போதைய பல ஃபோனிலேயே இருக்கிறது. அந்த நாற்பது சென்டிமீட்டர் தாம்பாளம் பத்து மீட்டர் கப்பலாகிவிடும். ஃபோனின் சின்ன சென்சாரில் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழுவது இங்கே நமக்கு லாபம், மங்கல் வந்தால்தான் பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். 120 ஃப்ரேமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், கடலூர் மத்தியான வெயில் போதும். நரம்பு தெரிகிறது என்றால் பழைய மினியேச்சர் ஆட்களின் வித்தை ஒன்று இருக்கிறது: தட்டை மட்டும் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துவிட்டுப் படத்தைத் திருப்பிவிடுங்கள். பார்க்கிறவர்கள் கம்பியை மேலே தேடுவார்கள், அது கீழே இருக்கும். ஒன்றே ஒன்று, தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். துளியின் அளவு எந்தக் கணக்குக்கும் அடங்காது, தொட்டியில் விட்ட கப்பல் தொட்டிக் கப்பலாகவேதான் தெரியும்.

அனுமதி விஷயத்தில் கவனம். புதுச்சேரிக்குள் பொது இடத்தில் எடுக்க அங்கே அனுமதி வாங்க வேண்டும், பொம்மையார்பாளையமும் திருவக்கரையும் தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டம், அதற்கு வேறு ஆபீஸ். ஆரோவில் மாத்ரிமந்திரின் தங்கக் கோளம் சயின்ஸ் ஃபிக்‌ஷன் செட் மாதிரியே இருக்கிறது என்று எல்லா மாணவர்களுக்கும் ஆசை வரும், அது தியானத்துக்கான இடம், விட்டுவிடுங்கள். நெய்வேலி சுரங்கத்தின் ராட்சத மண்வெட்டி இயந்திரங்களும் அப்படியே, பார்த்துவிட்டு வரலாம், உள்ளே கேமரா கொண்டுபோக நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

முழுப் படத்தில் இறங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் எடுங்கள். செம்மண் ஓடையில் சிவப்பு ஃபில்டரோடு ஒரு ஷாட், இல்லாமல் ஒரு ஷாட், மொட்டைமாடியில் தாம்பாளம் 24 ஃப்ரேமில் ஒன்று, 120இல் ஒன்று. நான்கையும் ஃபோனில் பார்க்காமல் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். அப்புறம் லைட்டிங்கில் சந்தேகம் இருந்தால் அந்த ஷாட்களோடு கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.